தீவும் தொற்றும் – 19: காணாமல்போன 382 எழுத்துகள்

2020 பிப்ரவரியில் தேக்கா சந்தை வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்தது. முகக்கவசம் கட்டாயமாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிராங்கூன் சாலை ஓரங்களில் ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து அரைமணி நடைதூரத்தில், மோல்மீன் சாலைப் பக்கம், தேசியத் தொற்றுநோய் நிலையம் இருக்கிறது. 330 படுக்கைகள் கொண்ட அந்தக் கட்டடம் முறைப்படி திறக்கப்பட்டது 2019 செப்டம்பரில். நான்கே மாதங்களில், ஜனவரி 23 அன்று, வூஹானிலிருந்து வந்த 66 வயதுப் பயணிக்குக் கோவிட் தொற்று உறுதியானது. சிங்கப்பூரின் முதல் நோயாளி அவர்.

அடுத்த சில வாரங்களில் நோயாளிகளின் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் எடுக்கப்பட்ட மாதிரிகள் ஆய்வகங்களுக்குப் போயின. ஊட்ரம் வட்டாரத்தில் உள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் காவின் ஸ்மித், இவோன் சூ ஆகியோரின் குழு கிருமியின் மரபுத்தொடரை எழுத்தெழுத்தாகப் படித்துவந்தது. ஏறக்குறைய 30,000 எழுத்துகள் கொண்ட நீண்ட வாசகம் அது. சில மாதிரிகளில் ஓர் இடம் வந்ததும் வாசகம் அறுந்து, தள்ளிப்போய்த் தொடர்ந்தது. நடுவில் 382 எழுத்துகளைக் காணவில்லை. ஒரே ஒரு மாதிரி என்றால் கருவியின் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். வேறு வேறு நோயாளிகளிடம் அதே இடத்தில் அதே 382 எழுத்துகள் இல்லை.

இல்லாமல்போன பகுதி ஓஆர்எஃப்8 என்ற சிறு மரபணுவைச் சேர்ந்தது. கிருமி உயிரணுவுக்குள் நுழைவதற்கு இந்த மரபணு தேவையில்லை, பெருகுவதற்கும் கட்டாயமில்லை. உடலின் எதிர்ப்பாற்றலைக் குழப்புவதில் இதற்குப் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். துணை மரபணு என்றுதான் இதற்குப் பெயர். அதை இழந்த கிருமி என்ன ஆகும்? மெலியுமா, மூர்க்கமாகுமா, ஒன்றுமே மாறாதா?

அதற்கு முதல் பதில் மருத்துவமனைக் கட்டில்களிலிருந்து கிடைத்தது. ஜனவரி 22 முதல் மார்ச் 21 வரை ஏழு அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களில் 131 பேரை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். முழு மரபுத்தொடர் கொண்ட கிருமி தொற்றியவர்கள் 92 பேர். எழுத்துகளை இழந்த கிருமி மட்டும் தொற்றியவர்கள் 29 பேர். இரண்டும் கலந்து காணப்பட்டவர்கள் 10 பேர். முதல் பிரிவில் 26 பேருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, செயற்கையாக ஆக்சிஜன் தர வேண்டியிருந்தது. இரண்டாம் பிரிவில் அந்த நிலைக்குப் போனவர் ஒருவர்கூட இல்லை. பார்னபி யங், லிசா இங் உள்ளிட்டோர் எழுதிய அந்த ஆய்வு 2020 ஆகஸ்டில் 'லான்செட்' இதழில் வந்தது. 'கிருமி வலுவிழக்கிறது' என்று உலகெங்கும் செய்தித் தலைப்புகள் ஓடின.

ஆனால் அந்தக் கட்டுரை அச்சேறியபோது அது விவரித்த கிருமியே உலகில் இல்லை. மார்ச்சுக்குப் பிறகு எந்த நோயாளியிடமும் அது தென்படவில்லை. தொடர்பு கண்டறிந்து, தனிமைப்படுத்தி, சிங்கப்பூர் அந்தத் தொற்றுக்குழுமங்களை அடைத்த வேகத்தில் அந்த வம்சமும் அடைபட்டுப் போனது. 29 பேர் சொன்ன சாட்சியம் மட்டும் மிஞ்சியது. அந்த 29 பேருக்கு நோய் இலகுவாக வந்துபோனது கிருமியாலா, அவர்களின் வயதாலா, உடல்வாகாலா? ஆய்வாளர்கள் கணக்கில் அதையெல்லாம் சரிக்கட்டித்தான் முடிவு சொன்னார்கள். என்றாலும் 29 என்பது சிறிய எண். இன்னும் நூறு பேரைப் பார்க்கலாம் என்றால் கிருமி கைவசம் இல்லை.

கேள்வி மனிதர்களிடமிருந்து விலங்குகளுக்குப் போனது இப்படித்தான். இந்த அத்தியாயம் அந்தப் பயணத்தைப் பற்றியது.

சென்ற அத்தியாயங்களில் பார்த்த 2003-ஆம் ஆண்டுக்குக் கொஞ்சம் திரும்ப வேண்டும். அந்த மார்ச்சில் டான் டோக் செங் மருத்துவமனையைச் சுற்றி நின்ற சார்ஸ், சிங்கப்பூரில் 238 பேரைத் தொற்றி 33 பேரைக் கொன்றது. மே 31 அன்று உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரைச் சார்ஸ் அற்ற நாடாக அறிவித்தது. அதே மே மாதத்தில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரிலிருந்து ஒரு முக்கியமான ஆய்வு வெளிவந்தது. நோயாளியிடம் ஒரு புதிய கிருமி காணப்படுகிறது என்பதால் மட்டும் நோய்க்குக் காரணம் அதுதான் என்று சொல்லிவிட முடியாது. கிருமியைப் பிரித்தெடுத்து, நலமாக உள்ள ஓர் உயிருக்குக் கொடுத்து, அதே நோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ராபர்ட் கோக் காலத்திலிருந்து வரும் விதி அது. ரோட்டர்டாம் குழு நீள்வால் குரங்குகளுக்கு அந்தக் கிருமியைக் கொடுத்தது. நுரையீரல் அழற்சி வந்தது, கிருமி மீண்டும் கிடைத்தது, எதிர்ப்பொருளும் உருவானது. சார்ஸின் காரணம் அப்போதுதான் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது. ரோட்டர்டாம் குழு சோதித்தது, மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பக்கம் நடக்கப் போகிறவர்களின் கைப்பையைப் பறிக்க வருகிறதே, அதே இனக் குரங்குதான்.

குரங்குகளைக் கொண்டு நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்ய இயலாது. செலவு ஒருபுறம், மனத்துக்கு ஒவ்வாமை மறுபுறம். சிறிய விலங்கு வேண்டும். இங்கேதான் வேலூரில் மருத்துவம் படித்த ஒரு பெண்ணின் பெயர் வருகிறது.

காந்தா சுப்பாராவ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் இன்ஃப்ளுவென்சா ஆய்வில் பெயர் பெற்று, 2002-இல் தேசியச் சுகாதாரக் கழகத்துக்கு மாறினார். சில மாதங்களில் சார்ஸ் வெடித்தது. அவரது குழு முதலில் சாதாரண ஆய்வக எலியை எடுத்துக்கொண்டது. எலியின் நுரையீரலில் சார்ஸ் கிருமி பெருகியது; ஆனால் இரண்டு மூன்று நாள்களில் தானாகவே மறைந்தது. எலி சோர்வதாகவே தெரியவில்லை. தடுப்பாற்றலைச் சோதிக்க அது போதும். 2004-இல் வந்த அவர்களின் கட்டுரை, ஒருமுறை தொற்று கண்ட எலியை மறுபடி தொற்றாது என்பதையும், அதன் எதிர்ப்பொருளை இன்னோர் எலிக்கு ஏற்றினால் அதுவும் காப்பாற்றப்படும் என்பதையும் காட்டியது. நோய் ஏன் கொல்கிறது என்று கேட்டால் மட்டும் நோயே வராத எலியிடம் பதில் இருக்காது.

எனவே வேறொரு வழியை எடுத்தார்கள். ஓர் எலியின் நுரையீரலிலிருந்து கிருமியை எடுத்து அடுத்த எலிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று 15 முறை கடத்தினார்கள். ஒவ்வோர் எலியிலும் அந்த உடலுக்கு ஏற்ற கிருமி மேலே வந்தது. பதினைந்தாவது எலியில் கிடைத்த கிருமி எலிகளைக் கொன்றது. முதல் கிருமியோடு ஒப்பிட்டால் புரதங்களை மாற்றும் வேறுபாடுகள் ஆறே ஆறு. 2007-இல் வெளியான இந்தச் செய்தி எனக்கு இந்தத் தொடரிலேயே மிக முக்கியமான ஒன்றாகப் படுகிறது. சுவடே தெரியாமல் வந்துபோகும் தொற்றுக்கும் சாவுக்கும் இடையே ஆறு மாற்றங்கள்தான் தூரம் என்றால், 382 எழுத்துகள் போனதை அலட்சியமாக விட முடியுமா?

அதே குழு 2005-இல் இன்னொரு விலங்கையும் அறிமுகப்படுத்தியிருந்தது: சிரிய நாட்டுப் பொன்னிற ஹேம்ஸ்டர். வீடுகளில் கூண்டில் வளர்க்கும் அதே பிராணி. எலியைவிட ஹேம்ஸ்டரின் நுரையீரலில் சார்ஸ் நன்றாக வேரூன்றியது.

இந்தப் பிராணி ஆய்வகத்துக்கு வந்த கதை நம் ஊரைத் தொடுகிறது. 1903-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவன் என்ற மருத்துவர், காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியைக் கண்டார். இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும் அதையே கண்டதால் இருவர் பெயரும் அதற்குச் சேர்ந்தது. அந்த நோயை ஆராய்ந்துவந்த ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்துச் சால் ஆட்லருக்குத் தோதான ஒரு சிறு விலங்கு தேவைப்பட்டது. 1930 ஏப்ரலில் இஸ்ரேல் அகரோனி என்ற விலங்கியலாளர் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி ஒரு தாய் ஹேம்ஸ்டரையும் அதன் குட்டிகளையும் பிடித்து வந்தார். பிழைத்தவை சிலவே. உலகின் ஆய்வகங்களிலும் கடைகளிலும் இருக்கும் சிரிய ஹேம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்தச் சிலவற்றின் வழித்தோன்றல்கள்.

2020-க்கு வருவோம். புதிய கிருமி வந்தவுடன் ஆய்வகங்கள் எலியைத் தேடி ஓடின. ஆனால் வூஹானில் தோன்றிய கிருமி சாதாரண எலியின் உயிரணுவைத் தொற்றவில்லை. கிருமியின் ஸ்பைக் புரதம் பற்றிக்கொள்ளும் ஏஸ்2 என்ற ஏற்பி மனிதனிடம் ஒரு வடிவத்திலும் எலியிடம் வேறு வடிவத்திலும் இருக்கிறது. மனித ஏஸ்2 மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய கே18 என்ற எலிவகை சார்ஸ் காலத்தில் அமெரிக்காவின் அயோவாவில் பிறந்தது. சார்ஸ் போனதும் அதைக் கேட்பார் இல்லாமல் போக, உறைய வைத்த விந்தாகக் கிடந்தது. 2020-இல் அதிலிருந்துதான் மறுபடி எலிகளைப் பிறப்பித்தார்கள். சிங்கப்பூரிலும் அந்த எலிகள் வேலை செய்தன. டியூக்-என்யுஎஸ் பள்ளியும் அமெரிக்காவின் ஆர்க்டரஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய ஆர்என்ஏ தடுப்பூசியை ருக்லாந்தி டி அல்விஸ், ஊய் எங் இயோங் முதலியோர் இவற்றில்தான் சோதித்தார்கள். ஒரே தவணை பெற்ற எலிகள், மற்ற எலிகளைக் கொன்ற அளவுக் கிருமியைத் தாங்கிப் பிழைத்தன.

ஹேம்ஸ்டருக்கு மரபணு மாற்றமே தேவைப்படவில்லை. அதன் இயல்பான ஏற்பியிலேயே கிருமி பற்றியது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஹுயி-லிங் யென் தலைமையில், கண்டியில் பிறந்து பேராதனையில் படித்த மலிக் பீரிஸும் பங்கேற்ற ஆய்வு 2020 மே மாதம் 'நேச்சர்' இதழில் வந்தது. 2003-இல் சார்ஸ் கிருமியைக் கண்டறிந்த குழுவின் முதல்வர் இந்தப் பீரிஸ். ஹேம்ஸ்டர் எடை இழந்தது, நுரையீரல் இறுகியது, கூண்டில் உடனிருந்ததையும் தொற்றியது. 14 நாள்களுக்குள் எடை மீண்டது. மனிதனுக்கு வரும் மிதமான நோயைப் போலவே இருந்தது. அதே பல்கலைக்கழகத்தின் மற்றொரு குழு, இரண்டு கூண்டுகளுக்கு நடுவே அறுவை முகக்கவசத் துணியைத் திரையாகக் கட்டிப் பார்த்தது. திரையில்லாதபோது 15-இல் 10 ஹேம்ஸ்டர்களுக்குக் காற்றுவழி தொற்றியது. திரை கட்டியபோது 24-இல் 6. சிங்கப்பூரில் ஏப்ரல் 14 முதல் முகக்கவசம் கட்டாயமானபோது அது எதற்கு என்று முணுமுணுத்தவர்களுக்கு இதைவிட எளிய விளக்கம் கிடைக்காது.

சோதனை நடக்கும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். மயக்கம் கொடுத்து மூக்கில் சில சொட்டுக் கிருமித் திரவம். பிறகு தினமும் தராசு. ஹேம்ஸ்டர் இருமாது; வலிக்கிறது என்று சொல்லாது. எடைதான் அதன் மொழி. ஒரு திரிபு கொடுத்த ஹேம்ஸ்டர் எவ்வளவு இளைக்கிறது, இன்னொரு திரிபு கொடுத்தது எவ்வளவு இளைக்கிறது என்ற கோடுகளை ஒரே தாளில் வரைவார்கள். குறித்த நாள்களில் சில விலங்குகளை வலியில்லாமல் கொன்று நுரையீரலை அறுத்துப் பார்ப்பார்கள். தாங்க முடியாத அளவுக்கு நலிந்தவற்றை உடனே கருணைக்கொலை செய்ய வேண்டும் என்பது விதி. சிங்கப்பூரில் 2004-இல் ஆய்வக விலங்குகளுக்கான தேசிய வழிகாட்டி வந்தது. குறைந்த எண்ணிக்கை, குறைந்த வேதனை, மாற்று இருந்தால் விலங்கே வேண்டாம் என்ற கொள்கைகளை ஒவ்வொரு நிறுவனத்தின் குழுவும் பார்த்துத்தான் அனுமதி தரும். அந்த உயிர்களைப் பற்றி எழுதாமல் அவை தந்த எண்களை மட்டும் எழுதுவது நியாயமில்லை.

மனிதருக்கான விதிகளும் உண்டு. அவை ஒரு விபத்திலிருந்து பிறந்தவை. 2003 ஆகஸ்டு இறுதியில், சார்ஸ் ஓய்ந்த பிறகு, 27 வயது முதுநிலை மாணவர் ஒருவர் காய்ச்சலோடு படுத்தார். அரசின் சுற்றுப்புறச் சுகாதார ஆய்வகத்தில் அவர் கையாண்டது வெஸ்ட் நைல் கிருமி. ஆனால் அந்த மாதிரியில் சார்ஸ் கிருமி கலந்துபோயிருந்தது. அவர் பிழைத்தார், வேறு யாருக்கும் தொற்றவில்லை. உலகச் சுகாதார நிறுவன வல்லுநர்கள் வந்து விசாரித்தார்கள். 2005-இல் உயிரியல் நச்சுப்பொருள்கள் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இன்று உயர்பாதுகாப்பு ஆய்வகத்தில் ஓர் எலிக்கூண்டைத் திறக்க இத்தனை அடுக்கு உடுப்பும் காற்றழுத்தக் கதவுகளும் பதிவேடுகளும் இருப்பதற்குப் பின்னால் அந்தக் காய்ச்சல் இருக்கிறது.

தராசுக் கோடுகள் இன்னொன்றையும் காட்டின. ஒரே கிருமி, ஒரே அளவு. இளம் ஹேம்ஸ்டர் விரைவில் தேறுகிறது, வயதான ஹேம்ஸ்டர் அதிகம் இளைத்து மெதுவாக எழுகிறது. இதன் மனித வடிவத்தைச் சிங்கப்பூர் 2020 ஏப்ரல் முதல் நேரில் பார்த்தது. பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியில் தொடங்கி வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகள் ஒவ்வொன்றாகத் தொற்றின் பிடியில் விழுந்தன. முஸ்தஃபா கடை ஏப்ரல் 2 அன்று மூடப்பட்டது. ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலையை நிறைத்த இளைஞர்கள் மாதக்கணக்கில் அறைக்குள் அடைபட்டார்கள். அந்த டிசம்பரில் வெளியான கணக்குப்படி, விடுதிகளில் இருந்த 3,23,000 பேரில் 1,52,794 பேரைக் கிருமி தொட்டிருந்தது. நூற்றுக்கு 47. ஆனால் அவர்களில் இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. திருவாரூரிலும் ராமநாதபுரத்திலும் தொலைபேசிக்கு அருகில் உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கு அது பெரிய ஆறுதல். கிருமியை மட்டும் பார்க்கிற ஆய்வாளர் இந்தக் கணக்கை வைத்து 'சிங்கப்பூரில் பரவியது சாதுவான கிருமி' என்று சொல்லியிருந்தால் முழுக்கத் தவறியிருப்பார். காப்பாற்றியதில் பெரும்பங்கு அவர்களின் இளமைக்கும், பரிசோதனைக்கும், உடனே கிடைத்த சிகிச்சைக்கும் உரியது.

திரிபுகளுக்குப் பெயர் வைத்து உலகம் அஞ்சத் தொடங்கிய ஆண்டு 2021. ஆல்ஃபா, பீட்டா, காமா மூன்றிலும் ஸ்பைக் புரதத்தில் ஒரு பொதுவான மாற்றம் இருந்தது. அந்த மாற்றம் எலியின் ஏஸ்2-ஐயும் பற்றிக்கொள்ள உதவியது. அதுவரை தொற்றாத சாதாரண எலிகளை இப்போது கிருமி தொற்றியது.

அந்த ஏப்ரல் இறுதியில் டான் டோக் செங் மருத்துவமனையின் 9டி வார்டில் தாதி ஒருவருக்குத் தொற்று உறுதியாகி, நாட்டின் முதல் கோவிட் மருத்துவமனைத் தொற்றுக்குழுமம் உருவானது. இந்தியாவில் முதலில் காணப்பட்ட பி.1.617.2 திரிபுதான் காரணம். மே 18 அன்று டெல்லி முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவால், சிங்கப்பூரில் தோன்றிய புதிய திரிபு குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்தானது என்றும் சிங்கப்பூர் விமானங்களை நிறுத்த வேண்டும் என்றும் ட்விட்டரில் எழுதினார். அப்படி ஒரு திரிபே இல்லை என்று சிங்கப்பூர் சுகாதார அமைச்சு மறுத்தது. டெல்லி முதல்வர் இந்தியாவுக்காகப் பேசவில்லை என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் மறுநாளே அறிவித்தார். சமூக ஊடகங்கள் திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அந்த மாதக் கடைசியில் உலகச் சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துப் பெயர்களை வழங்கியபோது பி.1.617.2 'டெல்டா' ஆனது. நாட்டின் பெயரால் திரிபை அழைக்கும் வழக்கம் மெல்ல நின்றது.

ஒரு திரிபு யாருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை ஒரு ட்விட்டர் வரியால் அல்ல, எதனால் சொல்ல முடியும்? அதே மே மாதம் புனேயின் தேசிய நச்சுயிரியல் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. பிரக்யா யாதவ், ஸ்ரீலட்சுமி மோகன்தாஸ் முதலியோர், டெல்டாவின் உடன்பிறப்பான பி.1.617.1 திரிபை ஹேம்ஸ்டர்களுக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் இதற்குக் கப்பா என்று பெயர். பழைய பி.1 கிருமியோடு ஒப்பிட்டபோது உடல் எடை அதிகம் குறைந்தது, நுரையீரலில் கிருமி கூடுதலாக இருந்தது, புண்களும் ஆழமாக இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு கோவேக்சின் தடுப்பூசிக்காக 20 குரங்குகளைச் சோதித்ததும் இந்த நிறுவனம்தான். ஊரடங்கில் குரங்கு கிடைக்காமல் ஆய்வுக் குழுவினர் நாக்பூர் பக்கத்துக் காடுகளில் தேடிப் பிடித்தார்கள் என்று அன்றைய மருத்துவ ஆய்வுக் கழகத் தலைவர் பல்ராம் பார்கவா எழுதியிருக்கிறார்.

டெல்டா ஏன் மூர்க்கமானது என்பதை அந்த நவம்பரில் டோக்கியோவின் கேய் சாட்டோ குழு ஒரே எழுத்தில் காட்டியது. ஸ்பைக் புரதத்தின் 681-ஆவது இடத்தில் ஒரு மாற்றம். அதனால் தொற்றிய உயிரணு பக்கத்து உயிரணுவோடு ஒட்டி ஒன்றாகி, நுரையீரலில் பெரிய கட்டிகளாக மாறுகிறது. அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பழைய கிருமியில் செருகி ஹேம்ஸ்டருக்குக் கொடுத்தபோதே நோய் கூடியது.

பிறகு ஓமிக்ரான். 2021 நவம்பர் 26 அன்று அதற்குப் பெயர் வைத்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் சிங்கப்பூருக்குள் வந்தது. 2022 பிப்ரவரி 22 அன்று ஒரே நாளில் 26,032 பேருக்குத் தொற்று. மருத்துவமனைகள் திணறின என்றாலும் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகள் டெல்டா காலம்போல் நிரம்பவில்லை. 'கிருமி சாதுவாகிவிட்டது' என்று மீண்டும் எல்லோரும் சொன்னார்கள்.

இந்தத் தொடருக்காகப் படித்ததில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்த இடம் இது. அந்தக் கூற்றைச் சரிபார்க்கச் சிங்கப்பூர் மக்களால் முடியாது. ஆகஸ்டு 2021 முடிவதற்குள் நூற்றுக்கு 80 பேர் இரண்டு தவணை ஊசியும் போட்டுவிட்டார்கள். பலருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோயிருந்தது. உடலின் நினைவு எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு: 2003-இல் சார்ஸிலிருந்து பிழைத்த எட்டுப் பேர் 2021-இல் ஃபைசர் ஊசி போட்டுக்கொண்டபோது, பல திரிபுகளையும் வௌவாலிடம் காணப்படும் உறவுக் கிருமிகளையும்கூடத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் அவர்களிடம் உருவாயின. வாங் லின்ஃபாவின் குழு டியூக்-என்யுஎஸ்ஸில் கண்டறிந்த செய்தி அது. பதினெட்டு ஆண்டு பழைய நினைவு! இத்தகைய உடல்களில் ஒரு திரிபு இலகுவாகப் போனால், இலகுவானது கிருமியா உடலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதைப் பிரிக்க, இந்தக் கிருமியையோ அதன் உறவையோ ஒருபோதும் சந்திக்காத உடல் வேண்டும். 2022-இல் அப்படிப்பட்ட உடல்கள் பெரும்பாலும் கூண்டுகளில்தான் இருந்தன.

கூண்டுகள் சொன்ன பதில் தெளிவாக இருந்தது. அமெரிக்காவின் மைக்கேல் டயமண்ட், ஜப்பானின் யோஷிஹிரோ கவாவோக்கா உள்ளிட்ட பலரும் சேர்ந்து எழுதி 2022 ஜனவரியில் வந்த ஆய்வு, எலியிலும் ஹேம்ஸ்டரிலும் ஓமிக்ரான் நோய் குறைவு என்றது. இளைப்பு குறைவு, நுரையீரலில் கிருமியும் குறைவு. ஹாங்காங்கில் மைக்கேல் சானின் குழு மனிதத் திசுவை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்ததில் காரணமும் தெரிந்தது: மூச்சுக்கிளைகளில் ஓமிக்ரான் டெல்டாவைவிட 70 மடங்கு வேகமாகப் பெருகியது, நுரையீரல் திசுவிலோ பழைய கிருமியைவிடப் பத்து மடங்கு பின்தங்கியது. மூச்சுக்கிளையில் வேகம், நுரையீரலில் தயக்கம்.

அதற்கடுத்த பிஏ.2 துணைத்திரிபில் இரண்டு ஜப்பானியக் குழுக்கள் முரண்பட்டன. சாட்டோ குழு பிஏ.2-இன் ஸ்பைக்கை மட்டும் பழைய கிருமியின் உடலில் பொருத்திச் சோதித்து, நோய் கூடுகிறது என்றது. கவாவோக்கா குழு நோயாளிகளிடம் எடுத்த முழுக் கிருமியைக் கொடுத்து, முதலில் வந்த ஓமிக்ரானான பிஏ.1 போலவே தணிவுதான் என்றது. இருவரும் செய்தது சரியே. கேட்ட கேள்வி வேறு. ஸ்பைக் புரதம் மட்டுமே கிருமி அல்ல. மீதமுள்ள 25,000-க்கு மேற்பட்ட எழுத்துகளும் நோயைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்தில் மேத்யூ ஃபிரீமன் குழு துணை மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி, கே18 எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2022-இல் எழுதியதும் இதையே. ஊட்ரம் ஆய்வகத்தில் 2020-இல் எழுந்த கேள்வி இங்கே வந்து சேர்கிறது.

கூண்டு சொன்னதை அப்படியே வீதிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை அதே மாதங்களில் ஹாங்காங் காட்டியது. அங்கே 80 வயதைக் கடந்தவர்களில் பெரும்பான்மையோர் தடுப்பூசி போடவில்லை. தணிவானது என்று பெயரெடுத்த ஓமிக்ரான் பிஏ.2 அங்கே ஏறக்குறைய 9,000 பேரைக் கொன்றது. இளம் ஹேம்ஸ்டருக்குத் தணிவு என்பது, எதிர்ப்பு நினைவே இல்லாத முதியவருக்குத் தணிவு ஆகாது. அந்த அலைக்குச் சற்று முன்பு, ஜனவரியில், காஸ்வே பே பகுதியில் ஒரு செல்லப்பிராணிக் கடை ஊழியருக்குத் தொற்று உறுதியாகி, அந்தக் கடை ஹேம்ஸ்டர்களிடம் டெல்டா கண்டறியப்பட்டது. சுமார் 2,000 பிராணிகள் கொல்லப்பட்டன. நெதர்லாந்திலிருந்து இறக்குமதியான ஹேம்ஸ்டர்கள் மனிதனுக்குக் கிருமியைத் திருப்பிக் கொடுத்திருந்தன. அதை மரபுத்தொடர் வழியே உறுதிசெய்த குழுவிலும் ஹுயி-லிங் யென்னும் மலிக் பீரிஸும் இருந்தார்கள்.

காணாமல்போன எழுத்துகளுக்குத் திரும்புவோம். 2003-இல் சார்ஸ் கிருமியும் மனிதரிடையே பரவத் தொடங்கிய கொஞ்ச காலத்தில் இதே ஓஆர்எஃப்8 பகுதியில் 29 எழுத்துகளை இழந்திருந்தது. அதைத் திரும்பச் சேர்த்தால் கிருமி இன்னும் வேகமாகப் பெருகுகிறது என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2018-இல் உயிரணுக்களில் காட்டினார்கள். அந்த மரபணு போனால் கிருமி தணியும் என்ற எண்ணத்துக்கு இது ஆதரவு. ஆனால் 2020 இறுதியில் இங்கிலாந்தில் எழுந்த ஆல்ஃபா திரிபும் ஓஆர்எஃப்8-ஐப் பாதியிலேயே துண்டித்த கிருமிதான். அது தணியவில்லை, வேகமாகப் பரவி, பழைய கிருமியைவிட அதிகமானோரை மருத்துவமனைக்கு அனுப்பியது. ஓர் எழுத்திழப்பின் பொருளை அதைச் சுற்றியுள்ள எழுத்துகளோடு சேர்த்துத்தான் படிக்க முடியும்.

2022 அக்டோபர் 24 தீபாவளி. முகக்கவசக் கட்டாயம் ஆகஸ்டு 29 முதல் பேருந்து, ரயில், மருத்துவமனைகளோடு நின்றுவிட்டது. சிராங்கூன் சாலையின் விளக்கு அலங்காரத்தின் கீழ் கூட்டம் தோளோடு தோள் உரசி நகர்ந்தது. கேம்பல் லேன் கடைகளில் அகல் விளக்கும் முறுக்கும் விற்றன. அப்போது சிங்கப்பூரில் எக்ஸ்பிபி என்ற புதிய திரிபின் அலை எழுந்திருந்தது. உலகில் அந்த அலையை முதலில் சந்தித்த இடங்களில் ஒன்று இந்தத் தீவு. அதன் கிளையான எக்ஸ்பிபி.1 அடுத்த ஆண்டு உலகெங்கும் பரவியது. ஆய்வகங்கள் அதன் 30,000 எழுத்துகளையும் படித்தபோது, ஓஆர்எஃப்8 மரபணுவின் எட்டாவது இடத்திலேயே நிறுத்தக் குறி விழுந்திருந்தது. அந்த மரபணு மறுபடியும் மூடப்பட்டிருந்தது.